குற்றமில்லாத வீடு

ரங்கூனில் நான் மூன்று வீடு பார்த்தேன். மூன்றையும் எங்கள் நெல்லடிக்கும் களத்தில் நின்றுகொண்டே பார்த்தேன். கப்பல் ஏறியதில்லை, கடலை இன்றுவரை கண்டதில்லை, சேலம் ஜங்ஷனுக்கு அப்பால் ரயில் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ரங்கூனில் எந்த வீட்டுக்கு அடுப்படி எந்த மூலையில், எந்த வீட்டில் படி உடைந்திருக்கும் என்று கேட்டால் இப்போதும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். சேலத்து ராவுத்தர் ஒருவருடைய கடை அது. இங்கே தறியில் நெய்த வேட்டியும் சேலையும் மூட்டை மூட்டையாக அங்கே போய் விற்கும். எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில், வானம் பார்த்த பூமி. கிணறு வற்றிப்போன ஒரு வருஷத்தில், மூத்தவன் பண்ணையத்தைப் பார்க்கட்டும், இளையவன் வெளியே போய்ப் பிழைக்கட்டும் என்று என் மாமனார் இவரை ராவுத்தரோடு அனுப்பிவைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. முதல் லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளுப்பதற்குள் கப்பலேறிவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் புருஷன் இல்லாத புருஷன் வீட்டில் குடித்தனம் செய்தேன். மாமியாருக்கு, ஓரகத்திக்கு, ஓரகத்தி பெற்றதுகளுக்கு, எருமைக்கு, எல்லாருக்கும் நான்தான் ஆள். கல்யாணம் காட்சிக்குப் போனால் போதும், "இன்னம் ஒண்ணும் இல்லியா புள்ள?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். புருஷன் கடலுக்கு அக்கட்டாலே கிடந்தால் வயிற்றில் என்ன காற்றா வந்து நிறையும்? ஒருத்தியிடம் அப்படியே கேட்டும் விட்டேன். வாய்க்காரி என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும், போ.

இரண்டாவது லீவில் அவர் சித்திரைக் கடைசியில் வந்தார். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் பேச்சே அதுதான்.

"இந்தா பாரு புள்ள, இந்தத் தடவை உன்னையக் கூட்டிட்டுத்தான் போறது. ரெண்டு ஊடு பாத்து வெச்சிருக்கறேன். எது புடிக்குதுன்னு நீயே சொல்லு."

மூன்று வருஷமாக நான் சாமியிடம் கேட்டதெல்லாம் இந்த ஒன்றைத்தான். அவரோடு ஒட்டுக்கா ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், அவர் தின்ன தட்டை நான் கழுவ வேண்டும், அவ்வளவுதான். "மேல கூரை இருந்தாச் சரீங்க. எதுன்னாலும் வாரேன்" என்றேன்.

"அப்படிச் சொன்னா ஆகுமா? அய்யனக் கேக்கோணுமல்ல" என்றார்.

அங்கேதான் பிடித்தது சனி.

என் மாமனார் மனை பார்க்கிறவர். அதாவது, யாராவது புதிதாக வீடு கட்டினாலும், கட்டிய வீட்டை வாங்கினாலும், குடி போகும் முன் இவரைக் கூப்பிடுவார்கள். மண்ணை மோந்து பார்ப்பார், வாட்டம் எந்தப் பக்கம் என்று சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார், அளவுகோலை வைத்து நீள அகலம் எடுப்பார். இத்தனை அடி என்றால் பால்சோறு, இத்தனை அடி என்றால் தரித்திரம், இத்தனை என்றால் தீராத வியாதி என்று மனையடிக் கணக்கு அவர் நாக்கு நுனியில் நிற்கும். ஆத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், ஓமலூரிலிருந்து வருவார்கள். யாரிடமும் ஒரு வெற்றிலைக்கு மேல் வாங்கமாட்டார். ஏமாற்றுக்காரர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவர் முழுசாக நம்பினார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் ஒரு வழி கிடைத்திருக்கும். நம்புகிற மனுஷனை என்ன செய்ய முடியும்?

ஊரான் வீட்டுக்கெல்லாம் பார்த்துச் சொல்கிறவர், சொந்த மகன் குடி போகிற வீட்டைப் பார்க்காமல் விடுவாரா? ஆனால் ரங்கூனுக்குப் போய்ப் பார்க்க முடியாது. காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினால் அவருக்கு ஆகாது. "மனைங்கறது நடந்து பாக்கறது. காயிதத்துல ஆருடா நடப்பா?" என்றார். அதனால் என் வீட்டுக்காரர் அடுப்புச் சாம்பலை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு களத்துக்குப் போனார். வெயிலேறும் முன்னே, சாணி போட்டு வழித்த களத்தின் மேல், அடிமேல் அடி வைத்து அளந்து, ரங்கூன் வீட்டைச் சாம்பலால் கோடு போட்டார்.

முதல் வீடு ஊருக்குள்ளே, கடைக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாம் மாடியில் இருந்தது. நீளமாக ஒரே அறை, கடைசியில் அடுப்படி. கோடு போட்டுக்கொண்டே போனவர் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். "இந்தத் தாவுல ஒரு மரத்தூண் நிக்கும்" என்று ஒரு வட்டம் போட்டார். பின்னாலே போய், "இங்க பக்கத்து ஊட்டுக்காரன் சாக்கடைக் கொழாய் போகும், மழையில கொஞ்சம் ஒழுகும்" என்று கோட்டை அழித்து மறுபடியும் போட்டார். நான் மாமியாருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். சாம்பல் கோட்டுக்குள் என் வீட்டைப் பார்க்கப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாமனார் கோட்டைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. வெளியே நின்றபடியே கேட்டார்.

"மூணாம் மாடின்னா, அடியில ஆரு இருப்பா?"

"அடியில ஒரு குசராத்திக் குடும்பம், அதுக்கும் அடியில ஒரு சீனன் சாப்பாட்டுக் கடைங்கய்யா."

"அப்ப அவன் அடுப்பு எரியற நெருப்பு மேல நீ பொண்டாட்டியோட படுத்துக்குவ? மண்ணைத் தொடாத ஊடு ஊடாகுமாடா? காக்காய் கூடு கட்டுனாப்பல."

மாமியாருக்கு வேறு கவலை. "எருமைய எங்க கட்டுவ?"

"அங்க எருமையெல்லாம் கட்ட முடியாதுங்கம்மா."

"அப்ப பாலு?"

"காசு குடுத்து வாங்கிக்கறது."

"பால வாங்கறதா!" என்று மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். களத்தில் இருந்த ஓரகத்தி சிரித்தாள். பண்ணையக்காரன் வீட்டில் பால் விலைக்கு வாங்குவதென்றால் அதைவிடக் கேவலம் அப்போது எங்களுக்குக் கிடையாது. முதல் வீடு அத்தோடு போயிற்று. மாமியார் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிவிட்டார்.

மறுநாள் இரண்டாவது வீட்டைப் போட்டார். இது ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், டல்லா என்கிற பக்கம். அரிசி ஆலைகளுக்குப் பின்னால், தென்னை மரம் நிற்கிற இடம். படகில் ஏறி இக்கரைக்கு வேலைக்கு வரவேண்டும், பொழுதோடு படகில் திரும்ப வேண்டும். தனி வீடு, முன்னால் வாசல், பின்னால் புழக்கடை. எருமை கட்டவும் இடம் உண்டு. "அங்க ஆறு மாசத்துக்கு மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துமுங்கய்யா. அதனால எல்லா ஊட்டுக்கும் மரக்கால் வெச்சு, ஆள் ஒசரத்துக்கு மேலதான் பலகை அடிப்பாங்க. ஏறிப் போகப் படி இருக்குது. மூணாவது படி ஒடஞ்சிருக்கும், நான் போனதும் தச்சுருவேன்" என்றார். உடைந்த படிக்குச் சாம்பலில் ஒரு குறுக்குக்கோடு போட்டார்.

எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. பிடித்தது என்றால் அப்படிப் பிடித்தது. மாமனார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கோட்டுக்குள் போய் நின்றேன். இந்த மூலையில் அடுப்பு, இங்கே தண்ணீர்ப் பானை, இந்தச் சன்னலில் நின்றால் படகு வருவது தெரியும் என்று மனசுக்குள் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன்.

மாமனார் அளவுகோலை வைத்தார். சுற்றி வந்தார். "படகுத்துறையில இருந்து வார தடம் எப்படி வருது?" என்று கேட்டார்.

"நேரா நம்ம வாசலுக்குத்தானுங்க வருது."

"தெருக்குத்து" என்றார். நேராக வருகிற தடம் வாசலைக் குத்தினால் குடும்பம் விளங்காது என்பது கணக்கு. "அது போக, பலகையில எப்படிச் சாணி வழிக்கிறது? மண்தரை இல்லாத ஊட்டுல லட்சுமி எங்க உக்காருவா? பலகை மேலயா?"

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "தெருக்குத்துன்னா வாசல ஒதுக்கி வெச்சுக்கலாமுங்க மாமா. படிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டாப் போச்சு" என்றேன்.

மாமியார், "மனை பாக்கறவங்களுக்கே மனை சொல்றா பாரு" என்றார். மாமனார் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. "சாமி, வாடகை ஊட்டுல வாசல மாத்தறதுக்கு ஆரு உடுவா? நீங்க நல்லாருக்கோணும்னுதானே சொல்றேன்" என்றார். அவ்வளவு பிரியமாக அவர் சொன்னார். என் டல்லா வீட்டை நானே கூட்டித் தள்ள வேண்டியதாயிற்று.

ரெண்டு நாள் என் வீட்டுக்காரர் சாம்பல் முறத்தைத் தொடவே இல்லை. லீவு தீர்ந்துகொண்டிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த லீவுக்கு இன்னும் மூன்று வருஷம். ஓரகத்தி என்னைப் பார்த்து, "உனக்கு ரங்கூன்ல ஊடே கட்டலயாட்ட இருக்குது" என்று பல்லைக் காட்டினாள். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் ஒரு காலையில் பார்த்தால், அவர் தாமே முறத்தில் சாம்பலை எடுத்துக்கொண்டு போய், மூன்றாவதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். "தாமுவேங்கற பக்கத்துக்கு அக்கட்டால இன்னொரு ஊடு இருக்குதுங்கய்யா. ட்ராம் வண்டி நிக்கற தாவுல இருந்து கொஞ்சம் நடக்கோணும். தரையோட கட்டுன ஊடு. மண்தரை" என்றார்.

கிழக்குப் பார்த்த வாசல். ஈசானிய மூலையில் கிணறு. அக்கினி மூலையில் அடுப்படி. மேற்கே எருமைக்குக் கட்டுத்தறி. மாமனார் அளவுகோலை வைக்க வைக்க முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. எங்கே வைத்தாலும் நல்ல அளவு. எங்கும் தெருக்குத்து இல்லை. சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியாததுதான் குறை, "வாட்டம் எங்கண்ணு?" என்று கேட்டார். "வடகெழக்கா" என்றார் மகன். மாமனார் நேராக வாசல் வழியே கோட்டுக்குள் நுழைந்து, நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா, இதைய மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நெனப்பு வல்லீங்கய்யா."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் ரெண்டு வீட்டுக்கும் கோடு போடும்போது நின்று நின்று யோசித்தார், அழித்தார், தூண் வைத்தார், சாக்கடை வைத்தார், உடைந்த படி வைத்தார். இந்த வீட்டில் ஒரு தூணில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. ஒழுகல் இல்லை. கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவர் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்க, நான் பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். மாடு பின்னால் வந்து நிற்கிற நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, அப்படி ஒரு ஊடு இருக்குதுங்களா?"

அவர் வடக்கயிற்றைப் பிடித்தபடி சிரித்தார். "இல்ல" என்றார்.

"அய்யோ! அப்பறம்?"

"அப்பறம் என்ன? கப்பலேறிட்டா அங்க வந்து ஆரு அளக்கறது? நேரா டல்லாவுக்குப் போயிரலாம். படிய நீ சொன்னாப்பலயே திருப்பிப் போட்டுக்கலாம்."

எனக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குதிக்க வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அந்த வாரத்தைத்தான் சொல்லவேண்டும். எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் வந்தது. பெற்ற தகப்பனிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், எனக்காக ஒரு முழு வீட்டையே பொய்யாகக் கட்டியிருக்கிறாரே என்று. மாமியார்கூட என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். மாமனாரோ போகிற இடமெல்லாம் அந்த வீட்டைச் சொன்னார். நாமகிரிப்பேட்டைச் சந்தையில் சொன்னார், ராசிபுரத்தில் சொன்னார். "இத்தனை வருசத்துல இப்படி ஒரு மனைய நான் பாத்ததில்ல. ஒரு குத்தம் சொல்ல முடியாது. பர்மாவுல கட்டி வெச்சிருக்கறாம் பாரு."

புறப்படுவதற்கு நாலைந்து நாள் இருக்கையில், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மாமனார் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும் ரங்கூனுக்கு வாரேன்."

யாருக்கும் புரியவில்லை.

"அந்த மாதிரி ஊட்டுக்கு நாம்பளாப் போயி மொதல்ல கால் வெக்கக் கூடாது. மொறையா பால் காச்சோணும். நான் வந்து காச்சறேன். அந்த மனைய என்ற கண்ணால பாக்கோணும்." மகனைப் பார்த்துத் திரும்பினார். "இப்ப ஆடி வரப்போகுது, குடி போகக் கூடாத மாசம். அப்பறம் வெதைப்பு, அறுப்பு. நீ முன்னால போயி ஊட்டப் புடிச்சு வெள்ளையடிச்சு வெய்யி. தை பொறந்ததும் நான் புள்ளையக் கூட்டிட்டு வந்து சேந்தர்றேன்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். 'அப்படி ஒரு வீடே இல்லை, அய்யா' என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரீங்கய்யா" என்றார்.

அப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் தனியாக இருந்தபோது நான் அவரைச் சும்மா விடவில்லை. "இல்லாத ஊட்டுக்கு என்னத்தச் சரீங்கறது? இப்பவே போயி நெசத்தச் சொல்லுங்க. வையட்டும், அடிக்கட்டும். கொன்னா போட்டுருவாங்க?" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"அய்யன் சந்தையெல்லாம் சொல்லிப்போட்டு வந்திருக்கறாரு. இப்பப் போயிப் பொய்யின்னா அவரு தலை நிமுந்து எப்படி நடப்பாரு?" என்றார். "ரங்கூன் என்ன சின்ன ஊரா? இத்தனாம் பெரிய ஊர்ல அந்த அளவுக்கு ஒரு ஊடு கெடைக்காமயா போயிரும்? தேடிப் புடிச்சிர்றேன் பாரு. தைக்கு நீ வந்துருவ."

காலையில் களத்துக்குப் போய், மழை விழாமல் இன்னும் கொஞ்சம் தெரிந்த அந்தச் சாம்பல் கோட்டின் மேல் ஒரு நூல் கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு சுவருக்கும் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டார். அந்தக் கயிற்றைச் சுருட்டித் தகரப்பெட்டிக்குள் வைத்தார். வண்டி கிளம்பும்போது மாமனார், "கெணறு ஈசானியந்தானே?" என்று இன்னொருமுறை கேட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையால் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

அப்புறம் மாதத்துக்கு ஒரு கார்டு வரும். மாமனார் பேருக்குத்தான் வரும், அவர்தான் படித்துச் சொல்வார். சௌக்கியம், மழை அதிகம், வீட்டு வேலை நடக்கிறது என்று இருக்கும். வீடே இல்லாதபோது வீட்டு வேலை எப்படி நடக்கும் என்று எனக்கு மட்டும் தெரியும். புரட்டாசியில் வந்த கார்டில், வீட்டை எடுத்தாயிற்று, அய்யா சொன்ன அளவு அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அடுப்படிக்குள் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். கிடைத்துவிட்டதே! இந்த மனுஷன் சொன்னபடி கண்டுபிடித்துவிட்டாரே! மாமனார் தை மாதத்தில் நல்ல நாள் பார்த்துக் குறித்தார். மாமியார் எனக்குப் புதுச் சேலை எடுத்து வைத்தார்.

கார்த்திகையில் சேலத்து ராவுத்தர் கடையிலிருந்து ஆள் வந்தான். காய்ச்சல் கண்டு என் வீட்டுக்காரர் போய்விட்டார் என்று சொன்னான். அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்களாம். என் கையில் வளையல் இருந்ததும் உடைந்ததும் எனக்கு நினைவில்லை. எடுத்து வைத்த சேலையை மாமியார் பெட்டியில் போட்டுப் பூட்டினது மட்டும் நினைவிருக்கிறது.

கருமாதி எல்லாம் முடிந்து, தை பிறந்து, மாமனார் குறித்து வைத்த நாளும் போன பிறகு, அவரோடு அதே கடையில் வேலை பார்த்த சேலத்துப் பாய் ஒருவர் லீவில் வந்தவர் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மோர் கொடுத்தோம். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நாங்க எல்லாரும் கடை மாடியிலதாங்க படுத்துக்குவோம். கடை லீவுன்னா இவரு ஒரு கயித்தை எடுத்துக்கிட்டு கெளம்பிடுவாரு. ஊரைச் சுத்தி ஒரு பக்கம் பாக்கி இல்ல. பாக்கற வீட்டுக்காரங்கிட்டல்லாம் கேட்டு, உள்ள போயி கயித்தைப் புடிச்சு அளப்பாரு. பர்மாக்காரனுங்க சிரிப்பானுங்க. கடைசியில தாமுவே தாண்டி, ட்ராம் நிக்கற எடத்துக்கும் அந்தாண்ட, ஒரு பள்ளத்து வயல்ல ஒரு வீட்டைக் கண்டுபுடிச்சாரு. எவனோ நம்ம தேசத்துக்காரன் தெரியாத்தனமா தரையோட கட்டிட்டு, ஒரு மழைக்கே போட்டுட்டு ஓடிட்டான். வருசக்கணக்கா பூட்டிக் கெடந்த வீடு. அந்த ஊர்ல தரையோட எவனும் குடியிருக்க மாட்டாங்க. நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கடை மாடிக்கே வந்துடு, தை பொறந்தப்பறம் பாத்துக்கலாம்ன்னேன். கேக்கலை. நான் இல்லாட்டி வேற ஆராவது புகுந்துக்குவாங்க, எங்க வீட்டுல எல்லாரும் வராங்கன்னு அங்கயே படுத்துக்கிட்டாரு. ஈரத் தரை. கொசுன்னா கொசு அப்படி. கையில அள்ளலாம்."

மாமனார் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வாசல் எங்கண்ணு பாத்துது?" என்றார்.

பாய்க்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "கெழக்காலங்க."

"கெணறு?"

"வடகெழக்கு மூலையில ஒண்ணு இருந்துச்சு."

"தண்ணி?"

"தண்ணியா? வீட்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் தண்ணிதாங்க பெரியவரே."

பெட்டியைத் திறந்தார்கள். ரெண்டு வேட்டி, ஒரு சட்டை, அடியில் அந்தக் கயிறு. பாய், "இதாலதான் அளந்தாரு. ஒரு முடிச்சு தப்பலைன்னு என்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டிச் சிரிச்சாரு" என்றார். மாமனார் கயிற்றை வாங்கி, முடிச்சு முடிச்சாக விரலால் தடவிக்கொண்டு போனார். கடைசி முடிச்சு வரைக்கும் போனார். அப்புறம் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய மூச்சு விட்டு, "ஊட்டுல குத்தமில்ல" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. தலைவிரி கோலமாகக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, பாய் இருக்கிறார் என்றும் பார்க்காமல் வெளியே வந்து கத்தினேன். "அப்படி ஊடே கெடையாதுங்க மாமா! உங்களுக்காகப் பொய்யாப் போட்ட கோடுங்க அது! எங்கிட்டச் சொன்னாருங்க, கெணத்தடியில நின்னு எங்கிட்டச் சொன்னாருங்க! நாங்க டல்லாவுக்குப் போறதா இருந்தோம்! நீங்க வாரேன்னு சொன்னதுக்காகத்தானுங்க தேடிட்டு அலைஞ்சாரு. இல்லாத ஊடுங்க அது!"

மாமியார் என் வாயைப் பொத்த வந்தார். மாமனார் கையைக் காட்டித் தடுத்தார். எப்போதும் போலவே மெதுவாக, பிரியமாக என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லாத ஊட்டுலயா சாமி அவன் செத்தான்?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? வீடு இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பாய் உட்கார்ந்திருக்கிறார். அளந்த கயிறு மாமனார் மடியில் கிடக்கிறது. பொய் என்று நான் சொல்வதுதான் இப்போது பொய்.

அப்புறம் நடந்ததைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனையில் குற்றமில்லை. போனவருடைய ஜாதகத்தை மாமனாரே எடுத்துப் பார்த்தார், அதிலும் ஆயுசு குறைவாக இல்லை. அப்படியானால் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க இருந்தவளிடத்தில்தானே குற்றம்? ஓரகத்திதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ஊர் சொன்னது. வெளியூரிலிருந்து மனை பார்க்கக் கூப்பிட வந்தவர்கள் துக்கம் கேட்டால், மாமனாரும் அதையே சொன்னார். வன்மத்தோடு சொல்லவில்லை. கணக்கு அப்படி வந்தது, சொன்னார். "ஊட்டுல ஒரு குத்தமில்லீங்க. குடி போக இருந்த புள்ளையோட ராசி அப்படி" என்பார்.

சில வருஷம் கழித்து ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். அப்போது ஊரில் நாலு பேர் என்னிடம் வந்து, "நல்லவேளை, நீ போகாமத் தப்பிச்ச" என்றார்கள். எதிலிருந்து தப்பித்தேன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயசெல்லாம் போய்விட்டது.

மாமனார் கடைசிவரை மனை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அளவுகோலோடு அந்த நூல் கயிற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார். ஆத்தூர்க்காரர்கள், ஓமலூர்க்காரர்கள் வண்டியோடு வந்து வாசலில் காத்திருப்பார்கள். புது வீட்டுக் காரியம், நல்ல சகுனம் பார்த்துக் கிளம்ப வேண்டும். செருப்பை மாட்டும் முன் அவர் உள்ளே எட்டிப் பார்த்து என்னைத் தேடுவார்.

"சாமி, சித்த உள்ள போயி நின்னுக்க" என்பார்.

நான் அடுப்படிக்குள் போய், வண்டிச் சத்தம் மறைகிற வரைக்கும் நின்றுகொள்வேன்.